ஷார்லட் ராணியும் பேனா பிடித்த பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி ஷார்லட்டைப் பலரும் இணையத் தொடர்கள் வழியாகத்தான் அறிந்திருக்கிறார்கள். உயரக் கொண்டை, வைரம், விருந்து. அந்த அரண்மனையின் உள்ளறையில் ஒரு நாவலாசிரியர் ஐந்து ஆண்டுகள் கையில் ராணியின் உடையோடு நின்றார் என்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தி இல்லை. அதைப் பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஷார்லட் ராணி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வட ஜெர்மனியில் மெக்லன்பர்க்-ஸ்ட்ரேலிட்ஸ் என்ற சிறிய அரசில் 1744-இல் பிறந்தவர். 1761 செப்டம்பரில் லண்டன் வந்து இறங்கிய அன்றே திருமணம். அப்போது வயது 17, ஆங்கிலம் தெரியாது. ஜெர்மனும் பிரெஞ்சும் தெரியும். பதினைந்து பிள்ளைகளைப் பெற்றார். பதின்மூவர் வளர்ந்து ஆளானார்கள். 1818 நவம்பரில் கியூ மாளிகையில் இறந்தார். பட்டத்து ராணியாக இருந்தது 57 ஆண்டுகள். நமக்கு வேண்டியது அந்த ஆண்டுகளில் அவர் படித்ததும், படிக்கவைத்ததும், எழுதும் பெண்களை அருகே அழைத்து வைத்துக்கொண்டதும்.

அவர் நிஜமாகவே வாசகரா, அல்லது ராணிக்கு நூலகம் இருப்பது ஒரு அலங்காரமா?

நிஜமான வாசகர். 1785-இல் முதிய தோழி ஒருவர் வீட்டில் ராணி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார். எங்கே கிடைத்தது என்று பேச்சு வந்தபோது, 'பழைய புத்தகக் கடையில்' என்று சாதாரணமாகச் சொல்கிறார். தெருவோரத்துப் பலகைகளில் எவ்வளவு நல்ல புத்தகங்கள் கிடக்கின்றன என்று வியந்தும் கொள்கிறார். கேட்டவர்கள் திகைத்துப் போகிறார்கள். ராணி குனிந்து நின்று பழைய புத்தகம் புரட்டுவதாக ஒரு சித்திரம் மனத்தில் வந்திருக்கும். பிறகுதான் விளக்கம் வருகிறது: தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரனான ஒரு பணியாள் இருக்கிறானாம், அவன்தான் போய் வாங்கிவருவானாம். மூர் மார்க்கெட்டில் புத்தகம் பொறுக்கியவர்களுக்கு இந்த ராணியை உடனே பிடித்துப்போகும்.

வின்ட்சர் அருகே ஃபிராக்மோர் என்ற வீட்டை 1790-களில் தனக்கென்று வாங்கி, அங்கே நூலகமும் பிற்பாடு ஒரு சிறிய அச்சகமும் வைத்தார். அவர் இறந்த மறு ஆண்டே, 1819-இல், அந்த நூலகம் ஏலத்தில் சிதறிப்போனது.

எந்தெந்தப் பெண் எழுத்தாளர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது?

மிக நெருக்கமாக நாவலாசிரியர் ஃபேனி பர்னி. பாசத்தோடு மேரி டிலேனி. யோசனை கேட்டு அழைத்தவர் சாரா டிரிம்மர். வயதான காலத்தில் துணைக்கு வைத்துக்கொண்டவர் கொர்னீலியா நைட். ராணிக்குப் பிரெஞ்சு வாசித்துக் காட்டிய மதாம் தெ லா ஃபீத்தும் சிறுவர் நூல்கள் எழுதியவர்தான். எபிக்டீட்டஸின் தத்துவத்தைக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த எலிசபெத் கார்ட்டரை ராணியே விரும்பி 1791-இல் செல்சீயில் ஒரு பிரபுவின் வீட்டில் சந்தித்தார். எல்லோரையும் ஒரே அளவில் சொல்லப்போவதில்லை. பர்னிக்கு இங்கே அதிக இடம் போகும். காரணம், அவர்தான் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்.

மேரி டிலேனி எழுத்தாளரா, ஓவியரா?

இரண்டும். அவர் கடிதங்கள் இன்று ஆறு பெரிய தொகுதிகளாகக் கிடைக்கின்றன. ஆனால் உலகம் அவரை நினைப்பது காகிதப் பூக்களால். 72 வயதில் ஆரம்பித்தார்: வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து, கறுப்புத் தாளில் ஒட்டி, ஒரு செடியின் இதழ், இலை, மகரந்தம் வரை அப்படியே கொண்டுவருவது. கியூ தோட்டத்திலிருந்து அரச குடும்பமே அவருக்குச் செடிகளை அனுப்பியது. 82-ஐ ஒட்டிய வயதில் கண் மங்கி நிறுத்தியபோது ஆயிரத்தை நெருங்கியிருந்தது. இப்போது 985 படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

1785-இல் அவரை ஆதரித்துவந்த போர்ட்லண்ட் சீமாட்டி இறந்தபோது டிலேனிக்கு வயது 85. மன்னரும் ராணியும் வின்ட்சரில் ஒரு வீடும் ஆண்டுக்கு 300 பவுண்டும் கொடுத்தார்கள். எந்தச் சாமானும் கொண்டுவர வேண்டாம், துணிமணிகளோடு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். பாத்திரம், பீங்கான், விரிப்புகள், ஒயின், இனிப்பு வகைகள், ஊறுகாய் வரை வீட்டில் நிரப்பிவைத்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடி வரை யோசித்தவர்களின் அன்பைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. கருவூலம் வழியாகப் பணம் போனால் வரி பிடிப்பார்கள் என்பதால், அரையாண்டுக்கு ஒருமுறை ராணியே ஒரு கைப்பையில் பணத்தைப் போட்டு நேரில் கொண்டுவந்து கொடுப்பார். நாட்டின் ராணி வரிக்காரனுக்குத் தெரியாமல் பென்ஷன் கொண்டுபோகிறார்!

ஃபேனி பர்னி அரண்மனைக்குள் எப்படி வந்தார்?

டிலேனியின் வீட்டு வரவேற்பறை வழியாகத்தான். பர்னி 1778-இல் 'ஈவலினா' என்ற நாவலைப் பெயர் போடாமல், அப்பாவுக்குக்கூடத் தெரியாமல் வெளியிட்டவர். கிடைத்தது 20 கினி (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்று அதிகம்). நாவல் ஊரையே பிடித்துக்கொண்டது. 1782-இல் வந்த 'சிசீலியா'வுக்கு 250 பவுண்டு. டாக்டர் ஜான்சன் உட்பட லண்டன் இலக்கிய வட்டாரமே கொண்டாடிய பெண் அவர்.

1785 டிசம்பரில் டிலேனியின் வீட்டில் தங்கியிருந்தபோது, முன்னறிவிப்பின்றி மன்னர் உள்ளே வந்துவிட்டார். 'என்ன? என்ன?' என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்கும் பழக்கம் உள்ள மன்னர், முதல் நாவலை ரகசியமாக எப்படி அச்சிட்டாய் என்று துளைத்து எடுக்கிறார். பதற்றத்தில் பர்னியின் வாயில் வந்த பதில்: அச்சில் பார்த்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதுகிற ஒவ்வொருவரும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம் அதுதான். ராஜா முன்னால் உளறியவர் இவர் ஒருவர்தான்.

அந்த வாரமே வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசர் முன்னிலையில் இருமுவது, தும்முவது, அசைவது எப்படி என்று விதிமுறைகள். தொண்டை கரகரத்தால் மூச்சுத் திணறலாம், இருமக் கூடாது. தும்மல் வந்தால் மூச்சை அடக்கு. அடக்கியதில் ரத்தக்குழாய் வெடித்தால் வெடிக்கட்டும், தும்மாதே. தலையில் ஊசி குத்தினாலும் கையை எடுக்காதே. கேலியாக எழுதிய கடிதம். ஏழு மாதத்தில் அதுவே அவருடைய பணிவிதி ஆகிவிட்டது.

புகழ்பெற்ற எழுத்தாளர் ஏன் பணிப்பெண் வேலைக்கு ஒப்புக்கொண்டார்?

அப்பாவுக்காக. சார்ல்ஸ் பர்னி இசை வரலாற்றாசிரியர். 1786-இல் மன்னரின் இசைக்குழுத் தலைவர் பதவி காலியானது. அது தனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். வேறொருவருக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் மகளுக்கு அழைப்பு வந்தது: ராணியின் உடைக்காப்பாளர்களில் இரண்டாமவர் பதவி. ஆண்டுக்கு 200 பவுண்டு, தங்க அறைகள், ஏவலுக்கு ஆள். 34 வயது, திருமணம் ஆகவில்லை, சொந்த வருமானம் நிலையில்லை. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்குத் துக்கம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்த பெரிய இடத்துச் சம்பந்தத்தை மறுக்க முடியாத பெண்ணின் நிலைமை. பர்னியும் இந்த வேலையைக் கல்யாணத்தோடுதான் ஒப்பிட்டார்.

அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது?

காலை ஆறு மணிக்கு எழுந்து உடுத்தி, மணியோசைக்குக் காத்திருக்க வேண்டும். ஏழரை வாக்கில் மணி அடிக்கும். ஓடுவார். உடைப் பணிப்பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பர்னி வாங்கி ராணிக்கு அணிவிப்பார். எது முன்னால் எது பின்னால் என்று குழம்பும்; கழுத்துத் துணிக்கு முன் விசிறியைக் கொடுத்துவிடுவோமோ என்று பயப்படுவார். எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்பதால் தப்பித்தார்.

நண்பகல் தாண்டி இரண்டாம் அலங்காரம். தலைமுடி ஒழுங்கு செய்யும்போது ராணி செய்தித்தாள் படிப்பார். சில பத்திகளை உரக்க வாசிப்பார். முடிக்குப் பொடி தூவும் கட்டம் வந்ததும் பர்னியை வெளியே அனுப்பிவிடுவார், அவருடைய உடையில் பொடி படக்கூடாது என்று. இதைப் பர்னி நன்றியோடு குறித்துவைத்திருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு மேல் சாப்பாடு, எட்டு மணிக்குத் தேநீர், பிறகு கடைசி மணி. அது பதினொன்றுக்கும் நள்ளிரவுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். இடையிடையே ராணியின் மூக்குப்பொடியைக் கலந்து வைக்கும் வேலையும் அவருக்குத்தான். பொடி மட்டை அறிந்த நம் ஊர்த் தாத்தாக்கள் அந்தப் பொறுப்பின் கனத்தை உணர்ந்திருப்பார்கள்.

வேலை கடினமானது என்று சொல்ல முடியாது. ஆனால் மணிக்கும் மணிக்கும் நடுவில் ஒரு பெண்ணால் நாவல் எழுத முடியாது.

அந்த மேலதிகாரி அம்மாளைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா?

திருமதி ஷ்வெல்லென்பெர்க். ராணியோடு ஜெர்மனியிலிருந்து வந்தவர், முதல் உடைக்காப்பாளர். செல்லமாகத் தவளைகள் வளர்த்தார். அவற்றுக்கு ஈக்கள் தீனி. மாலை முழுவதும் பர்னி தன்னோடு உட்கார்ந்து சீட்டாட வேண்டும் என்று எதிர்பார்த்தார். 1787 நவம்பரில் கோச்சு வண்டியில் போகும்போது குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்ல, பர்னியின் கண் வீங்கிச் சிவந்துபோனது. நமக்குக் கிடைப்பது பர்னியின் தரப்பு மட்டும்தான் என்பது நினைவில் இருக்கட்டும். கையில் பேனா இருப்பவரைப் பகைத்துக்கொண்டவர் சரித்திரத்தில் எப்படி நிற்பார் என்பதற்கு இந்த அம்மாள் உதாரணம். மாமியார் மருமகள் கதையில் மருமகள் எழுதிய பதிப்பு மட்டும் மிஞ்சியது போல.

அப்படியானால் ராணி கொடுமைக்காரரா?

அப்படி எழுதியவர் மெக்காலே. நமக்கு 1835 கல்விக் குறிப்பால் நன்றாக அறிமுகமான, ஊட்டியில் பெண்டிங்க் பிரபுவைச் சந்தித்த அதே மெக்காலே. பர்னியின் நாட்குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1842 முதல் வெளிவரத் தொடங்கின. 1843-இல் மெக்காலே ஒரு நீண்ட கட்டுரை எழுதி, ஒரு மேதையைத் தாதியாக்கிய அரண்மனையையும் அதற்கு உடந்தையான தந்தையையும் கிழித்துத் தொங்கவிட்டார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு பாதிதான் சரியாகப் படுகிறது. பொடி தூவும்போது வெளியே அனுப்பியவர், கைப்பையில் பென்ஷன் கொண்டுபோனவர், கல்நெஞ்சக்காரி இல்லை. பர்னி போன்ற ஒருவர் அருகிலிருப்பது தனக்கு மகிழ்ச்சி என்றால் அவருக்கும் அது மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். வீடு கொடுத்தார், பணம் கொடுத்தார், மரியாதை கொடுத்தார். நேரம் என்ற ஒன்றைக் கேட்கலாம், கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கே அது இருந்ததில்லை. அந்த மணி அடித்தபோதெல்லாம் ராணியும் எழுந்து நின்று உடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

டிலேனியிடம் நட்பு இனித்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அவர் தன் வீட்டில் இருந்தார். ராணி விருந்தாளியாக வந்து போனார்.

இந்தியாவோடு இந்தக் கதைக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பாராளுமன்றம் கொண்டுவந்த குற்றவிசாரணை 1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. சமூகத்தின் மேல்தட்டே திரண்ட நிகழ்ச்சி. ராணி தன் கையிலிருந்த டிக்கெட்டுகளில் இருந்து பர்னிக்குக் கொடுத்து அனுப்பினார். எட்மண்ட் பர்க் குற்றம் சாட்ட, பர்னி தனக்குத் தெரிந்த ஹேஸ்டிங்ஸுக்காக மனம் வருந்தி, குற்றம் சாட்டும் தரப்பைச் சேர்ந்த வில்லியம் விண்டமோடு பார்வையாளர் இடத்திலேயே வாதாடினார். திரும்பி வந்து ராணியிடம் நடந்ததைச் சொன்னார். அரச குடும்பத்தின் சாய்வும் ஹேஸ்டிங்ஸ் பக்கம்தான்.

அந்தக் குறிப்புகள் நாடகம் பார்ப்பதுபோல் சுவையானவை. ஆனால் நாம் படிக்கும்போது ஒன்று உறுத்தும்: குற்றம் சாட்டப்பட்டவரின் வெளிறிய முகம் தெரிகிறது, குற்றத்துக்கு ஆளான நாடு தெரியவில்லை. ராணியின் வீட்டில் இந்தியா வேறு வடிவில் இருந்தது. முன்னாள் சென்னை கவர்னர் அலெக்ஸாண்டர் விஞ்சின் பொருள்கள் 1781-இல் ஏலம் போனபோது, விசாகப்பட்டினத்தில் செய்த தந்த நாற்காலிகளை மன்னர் வாங்கி ராணிக்குக் கொடுத்திருந்தார். ஹேஸ்டிங்ஸ் 1795-இல் விடுதலையானார்.

அரண்மனையில் இருந்த ஐந்து ஆண்டுகளில் பர்னி ஒன்றுமே எழுதவில்லையா?

நாவல் எழுதவில்லை. சோக நாடகங்களை எழுதினார். அவற்றில் ஒன்று 1795-இல் மேடையேறி ஒரே இரவோடு நின்றுபோனது. ஆனால் நாட்குறிப்பு! மன்னர் 1788-89 குளிர்காலத்தில் மனநிலை பிறழ்ந்து கிடந்த மாதங்களை உள்ளேயிருந்து எழுதியவர்களில் அவருக்கு இணை இல்லை. 1789 பிப்ரவரியில் கியூ தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தபோது மன்னர் தூரத்தில் தெரிகிறார். அவர் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. பர்னி ஓடுகிறார், மன்னர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே துரத்துகிறார், பின்னால் வைத்தியர்கள். ஓடுவது மன்னருக்கு நல்லதில்லை, நில்லுங்கள் என்று குரல் வந்ததும் நிற்கிறார். மன்னர் அவர் தோள்களில் கைவைத்து, கன்னத்தில் முத்தமிட்டு, தன் மனக்குறைகளையெல்லாம் கொட்டுகிறார்.

பிற்பாடு வந்த அவருடைய பெரிய நாவல்களைவிட இந்தப் பக்கங்களே எனக்கு உயர்வாகத் தெரிகின்றன. இதற்காக அரண்மனைக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்பது வேறு வழக்கு.

வேலையை விட்டபோது ராணி கோபித்துக்கொண்டாரா?

வருந்தினார். பர்னியின் உடம்பு 1790-இல் வெளிப்படையாகவே தேய்ந்துபோயிற்று. ராஜினாமா விண்ணப்பத்தை எழுதிவைத்துக்கொண்டு கொடுக்கத் துணிவில்லாமல் வாரக்கணக்கில் தவித்தார். கொடுத்த பிறகும் அரை ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து, 1791 ஜூலையில் வெளியேறினார். ராணி ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் ஏற்பாடு செய்தார்.

1793-இல் பர்னி, பிரான்ஸிலிருந்து ஓடிவந்த கையில் காசில்லாத கத்தோலிக்கத் தளபதி அலெக்ஸாந்தர் தார்ப்ளேயை மணந்தார். பிரான்ஸ் எதிரி நாடு. ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற பயம் இருந்தது. நிற்கவில்லை. 1796-இல் 'கமில்லா' நாவலை ராணிக்குக் காணிக்கையாக்கி, வின்ட்சருக்கு நேரில் எடுத்துப் போனார். மன்னரும் ராணியும் ஆளுக்கு 50 கினியாக 100 கினி பரிசு தந்தார்கள். பதிப்புரிமைக்குக் கிடைத்தது 1000 பவுண்டு. ஐந்து ஆண்டு அரண்மனைச் சம்பளம் மொத்தமும் அவ்வளவுதான். அந்த வருமானத்தில் கட்டிய வீட்டுக்குக் கமில்லா குடில் என்றே பெயர்.

ராணியின் ஆதரவுக்கு எல்லை இருந்ததா?

தெளிவாக இருந்தது. பக்தி, ஒழுக்கம், குழந்தைக் கல்வி பக்கம் நின்றவர்களுக்குக் கதவு திறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தெ ஷான்லீஸ் 1785-இல் இங்கிலாந்து வந்தபோது ராணியும் அவரைச் சந்தித்தார். பர்னிக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அவரைப் பற்றிய வதந்திகள் பரவ, கடிதத் தொடர்பைத் தொடர்வதா என்று பர்னி ராணியிடம் யோசனை கேட்டார். ராணி வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தார். தொடர்பு அறுந்தது.

சாரா டிரிம்மருக்கும் ராணிக்கும் என்ன தொடர்பு?

டிரிம்மர் பிரென்ட்ஃபோர்டில் ஏழைக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தியவர், சிறுவர் நூலாசிரியர், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். வின்ட்சரிலும் அப்படிப் பள்ளி தொடங்க ராணி 1786-இல் அவரை அழைத்துப் பேசினார். மறு ஆண்டு வந்த தர்மப்பணி பற்றிய நூலை டிரிம்மர் ராணிக்குக் காணிக்கையாக்கினார்.

கொர்னீலியா நைட் கதை என்ன?

ஜான்சனின் 'ராசலஸ்' கதைக்குத் தொடர்ச்சியாக 1790-இல் 'தினார்பஸ்' எழுதியவர். இத்தாலியில் வாழ்ந்தவர், பல மொழி அறிந்தவர். 1805-இல் ராணி அவரை ஆண்டுக்கு 300 பவுண்டில் துணையாக அமர்த்திக்கொண்டார். அவர் ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்தவை 1812-இல் ஃபிராக்மோர் அச்சகத்திலேயே அச்சாயின. பர்னிக்கு நேர்ந்தது இவருக்கு நேரவில்லை; வேறொன்று நேர்ந்தது. 1813-இல் ராணியின் பேத்தி, இளவரசி ஷார்லட்டுக்குத் துணையாகப் போக ஒப்புக்கொண்டார். ராணிக்கு மனம் கசந்துவிட்டது. பர்னி உடம்பு தேய்ந்து போனபோது ஓய்வூதியம் தந்தவர், நைட் இன்னொரு வீட்டு வாசலுக்குப் போனதைப் பொறுக்கவில்லை. மறு ஆண்டே இளவரசியின் தந்தை நைட்டை வேலையிலிருந்து நீக்கினார்.

ஜேன் ஆஸ்டினை ராணி சந்தித்தாரா?

இல்லை. 'எம்மா' காணிக்கையானது ராணியின் மகனான இளவரசருக்கு. அதுவும் கேட்டு வாங்கிய காணிக்கை. ஆனால் 'கமில்லா'வுக்கு முன்பணம் கட்டியவர்கள் பட்டியலில், ஸ்டீவன்டன் ஊரைச் சேர்ந்த ஜே. ஆஸ்டின் என்று இருபது வயதுப் பெண் ஒருவரின் பெயர் இருக்கிறது. ராணிக்குக் காணிக்கையான நூலில் ஆஸ்டினின் பெயரும் அச்சேறிய விதம் அப்படி.

ராணியும் பர்னியும் கடைசிவரை நட்பாக இருந்தார்களா?

இருந்தார்கள். 1817 இறுதியில் ராணி உடல்நலத்துக்காக பாத் நகர ஊற்றுநீர் குடிக்க வந்தார். பேத்தி பிரசவத்தில் இறந்த துயரம் நடுவில் வந்து சேர்ந்தது. பர்னி குடும்பமும் அப்போது பாத்தில்தான் இருந்தது. தார்ப்ளே கடும் நோயாளி. ஆனாலும் ராணியைக் காண ஊற்று மண்டபத்துக்குப் போய் நின்றார். ராணி அவரிடம் நின்று பேசினார். எந்தப் பிரெஞ்சுக்காரரை மணந்தால் ஓய்வூதியம் போய்விடும் என்று பர்னி பயந்தாரோ, அவர்தான். தார்ப்ளே 1818 மே மாதம் இறந்தார்; ராணி அதே ஆண்டு நவம்பரில்.